‘காற்றில்’ என்ற ஒரு சொல்

நெதர்லாந்து
21 ஜனவரி 2024

அன்புள்ள ஜெனி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருமா, சேர்ந்தாலும் பிரிப்பாயா என்று தெரியாமலேதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் பழைய நம்பர் வேறு யாரிடமோ போயிருக்கிறது. ஒரு பெரியவர் எடுத்து, “யாரும்மா வோணும் உனுக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மெயிலுக்கும் பதில் இல்லை. கடைசியில்தான் உன் வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம் என்பது உறைத்தது. எத்தனை லீவுக்கு உனக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், ஒரே ஊரில் இருந்துகொண்டே.

நான் இங்கு வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. குளிர் பழகிவிட்டது, நாலரை மணிக்கே இருட்டுவதுதான் பழகவில்லை. நைனா வாரம் ஒரு முறை வீடியோவில் ஏரியைக் காட்டுவார். டிசம்பர் புயலில் கலங்கல் வழிந்து ஓடியதாமே. அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே பஸ், கடைசியில் சென்னையில் ஒரே லேப். பதினேழு வருடம் கூடவே இருந்தவளை மூன்று வருடமாகப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஒரு உதவியும் கேட்க வேண்டும். கோபிக்காதே. தாமோதரன் சாரிடம் நாம் செய்த, நீலமாக ஒளிரும் பாலிமரை இங்கே மறுபடி செய்யச் சொல்கிறார்கள். காற்றில் சூடாக்கினாலும் நீலம் மாறாது என்று நான் எழுதிய அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் எனக்கு இந்த வேலையே கொடுத்தார்கள். ஆறு மாதமாகச் செய்து பார்க்கிறேன். கரைசலில் அழகான நீலம். கண்ணாடியில் மெல்லிய படலமாக்கி நூற்றைம்பது டிகிரியில் வைத்தால் பச்சை தட்டிவிடுகிறது. மூலப்பொருளில் சுத்தம் போதவில்லை என்று நினைக்கிறேன். உன்னைப்போல் அதைச் சுத்தம் செய்ய அன்றைக்கும் யாருமில்லை, இன்றைக்கும் இல்லை. உன் லேப் நோட்டின் நகல் உன்னிடம் இருக்குமே. அதை மட்டும் அனுப்புவாயா?

உன் அப்பா அம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல். உன் நம்பரையும் எழுது.

என்றும் உன்
பரி

*

உத்திரமேரூர்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள பரி,

கடிதம் கிடைத்தது. நம்பர் எழுதவில்லை, தப்பாக நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுவேன். எழுதும்போது அப்படி ஆவதில்லை.

அப்பா போன ஆவணியில் இறந்துவிட்டார். சிறுநீரகம். ஒரு வருடத்துக்கும் மேல் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தோம். உன் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். முப்பது வருடம் உங்கள் கழனியில் வேலை செய்த ஆளாயிற்றே. அம்மா இப்போதும் நடவுக்குப் போகிறாள், உங்கள் நிலத்துக்கு இல்லை, மானாம்பதிப் பக்கம்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். செல்போன் திரைகளை வரிசையாக எரியவிட்டு எந்த நிறம் எங்கே மங்குகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கூட இருப்பவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த பெண்கள். நானும் பிளஸ் டூ என்றுதான் சொல்லிச் சேர்ந்தேன். மேலே படித்திருப்பதைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். “அக்கா, உனுக்கு மட்டும் எப்டிக்கா நீலம் டல்லாவறது மொதல்ல தெரியுது?” என்று அந்தப் பெண்கள் கேட்பார்கள். பழக்கம் என்று சொல்லி வைப்பேன்.

நோட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று பக்கம். அசலை லேபிலேயே விட்டு வந்தேன், அது அவர்களுடையது. சுத்தம் செய்த முறை முதல் பதினைந்து பக்கத்தில் இருக்கிறது. மீதியையும் படி. பதினொரு முறை செய்திருக்கிறேன். பதினொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘காற்றில், 150 டிகிரி, மூன்று மணி நேரம். பச்சை.’

சார் அன்றைக்கு லேப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “பரிமளாவுக்கு வந்த நீலம் உனக்கு ஏன் வரவில்லை? உன் கை சுத்தமில்லை.” அவர் மூலப்பொருளை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். என்னைச் சொன்னாரா என்று நான் இன்றும் யோசிப்பது உண்டு. பஸ்ஸில் போகிற நேரம் முழுக்க வேறு என்ன வேலை.

மூன்று வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு, நோட்டு வேண்டும் என்றதும் விலாசம் ஞாபகம் வந்ததே என்று கொஞ்சம் வருத்தம்தான். போகட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்குக் காதுவலி சீக்கிரம் வரும்.

அன்புடன்
ஜெனி

*

நெதர்லாந்து
2 ஏப்ரல் 2024

என் ஜெனி,

உன் கடிதத்தை லேபிலேயே பிரித்துவிட்டேன். அப்பா விஷயம் படித்ததும் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். நைனா சொல்லவே இல்லை. போன் போட்டுக் கேட்டேன். “அட, சொல்லலியா நானு? மறந்துட்டுகீறேன்” என்றார். போனை வைத்துவிட்டேன்.

உன் அப்பா ஒரு முறை நம் லேபுக்கு வந்தது ஞாபகம் வருகிறது. நீ புறஊதா விளக்கைப் போட்டு அந்தச் சின்னக் குப்பியைக் காட்டினாய். கிட்டே வந்து பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்குன்ற, எரியுது, சூடே இல்லியேம்மா” என்று குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வாசலில் இருந்த காவல்காரரிடம்கூட, “உள்ள எம் பொண்ணு வெளக்கு செஞ்சிகினுகீது” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. உன் முறைப்படியே மூலப்பொருளைச் சுத்தம் செய்தேன். இவ்வளவு சுத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. படலமாக்கி, காற்றில் சூடாக்கினேன். பச்சை. நைட்ரஜன் மட்டும் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கினேன். நீலம், அசையாத நீலம். பிறகு என் பழைய நோட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் சூடாக்கியதும் இதேபோன்ற பெட்டிக்குள்தான். கட்டுரை எழுதும்போது ‘காற்றில்’ என்று தவறுதலாக எழுதியிருக்கிறேன். ஒரு சொல், ஜெனி. இப்போதுதான் கண்ணில் பட்டது.

காற்றைத் தாங்கட்டும் என்று பாலிமரில் நாம் செய்த மாற்றமெல்லாம் ஆக்ஸிஜனைத் தடுக்கவே இல்லை. ஆயிரத்தில் ஒரு இடத்தில் அது ஒட்டிக்கொண்டாலும் மொத்தமும் பச்சையாகிவிடுகிறது. நீ பதினொரு முறையும் சரியாகத்தான் செய்தாய். உன் கையில் ஒரு தப்பும் இல்லை.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எழுது. திட்டியாவது எழுது.

உன்
பரி

*

உத்திரமேரூர்
12 மே 2024

பரி,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். நான் சரியாகத்தான் செய்தேன் என்று ஒருவர் எழுதிப் பார்ப்பதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நான்காம் நாள் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒன்று இடித்தது.

இப்போதுதான் கண்ணில் பட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சார் என்னைக் கேட்டதும் நீ உன் நோட்டைத் திறந்தாய். பின்னால் இருந்து முன்னால் புரட்டினாய். ஒரு பக்கத்தில் நின்றாய். விரலை வைத்து ஒரு வரியைப் படித்தாய். பிறகு நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாய். எனக்காக எதையோ தேடுகிறாய், கிடைக்கவில்லை என்று நான் நினைத்தேன். அன்றைக்கு உனக்காகக்கூட வருத்தப்பட்டேன்.

எனக்கு இப்போது பதில் ஒன்றுதான் வேண்டும். நீ படித்த வரி எது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் லேபை விட்டு ஊருக்கு வந்து அப்போது ஒரு மாதம் இருக்கும். வரப்பில் உன் நைனா என் அப்பாவைக் கூப்பிட்டு, “இன்னாடா ஏசுதாசு, உம் பொண்ணு அங்க எதையோ கெட்த்துட்டாளாமே, எம் பொண்ணு சொல்லிச்சி” என்று நாலு பேர் நடவு செய்துகொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறார். அப்பா மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுபடி உங்கள் நிலத்துக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கூட நடவு செய்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவராகவே என்னைக் கேட்டார். “இன்னாம்மா கெட்த்துட்ட அங்க?”

“நான் ஒன்னியும் கெட்க்கலப்பா.”

“சரி, வுடு. எல்லாருக்கும் கை தவறத்தான் செய்யும். படிச்ச புள்ள, வேற எதுனா பாத்துக்கலாம்.” என் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார்.

நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? நீ பெட்டிக்குள் நைட்ரஜனில் சூடாக்கியது அப்போது எனக்கே தெரியாதே. என்னிடம்தான் ஏதோ குறை என்று நானே பாதி நம்பிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிட்டுத்தான் போனார், பரி. நான் செய்யாத ஒன்றுக்கு.

ஜெனி

*

நெதர்லாந்து
23 ஜூன் 2024

ஜெனி,

நீ கேட்ட வரியை எழுதுகிறேன். ‘பெட்டிக்குள், நைட்ரஜனில், மூன்று மணி நேரம்.’ என் கையெழுத்தில், தேதியோடு இருந்தது.

கட்டுரையில் ‘காற்றில்’ என்று எழுதியபோது அது தவறுதலாக நடந்ததுதான். அதை நம்பு. ஆனால் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டுரை வெளியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. இந்த வேலைக்கு அதைக் காட்டித்தான் விண்ணப்பித்திருந்தேன். சார் என்னைப் பார்த்தார். ‘நான் நைட்ரஜன்ல சூடு பண்ணேன் சார்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நோட்டை மூடிவிட்டேன். அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நீ லேபுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் நீ விலகிவிட்டதாகச் சார் சொன்னார். வீட்டில் நைனா, ஏன் ஜெனி திரும்பி வந்துவிட்டாள் என்று கேட்டார். என்னவோ கெட்டுப்போச்சு நைனா, அவளால்தான் என்று நான்தான் சொன்னேன். அவர் அதை வயல்வரைக்கும் கொண்டுபோவார் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் நோட்டுக் கேட்டதும் அதனால்தான். நீ சுத்தம் செய்த பொருளாக இருந்தால் காற்றிலும் நீலம் நின்றுவிடாதா, நான் எழுதியது உண்மையாகிவிடாதா என்று ஆசைப்பட்டேன். நின்றிருந்தால் உனக்கு இதெல்லாம் எழுதியே இருக்க மாட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்திரிகைக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன். சாரிடம் போனில் சொன்னேன். “பழைய கதை, விட்டுவிடு. அவளும் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இதனால் யாருக்கு என்ன லாபம்?” என்றார். கடிதம் எழுதி வைத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. செப்டம்பரில் என் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்கிறார்கள். அதுவரைக்கும் பொறுக்கட்டுமா? அதற்குப் பிறகு நிச்சயம் அனுப்பிவிடுவேன். நீ சரி என்று சொன்னால் மட்டும்தான்.

பதில் போடு ஜெனி. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

பரி

*

நெதர்லாந்து
27 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெனி,

ஜூலை முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள், ஜூனில் உனக்கு எழுதிய கடிதத்தின் நகலை எடுத்து நானே படித்தேன். அப்பா இறந்ததைப் பற்றி எழுதிய உன்னிடம், செப்டம்பர் வரைக்கும் பொறுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இங்கே என் பேராசிரியரிடமும் போய்ச் சொன்னேன். அவர், எப்போதிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

இந்த மாதம் அறிவிப்பு வந்துவிட்டது. அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, பிழை முதல் ஆசிரியரான என்னுடையது, அதே லேபில் ஏ. ஜெனிஃபர் செய்த பதினொரு சோதனைகளும் சரியானவை, அவை அப்போதே புறக்கணிக்கப்பட்டன என்று இருக்கிறது. கடைசிப் பகுதியை நீக்கச் சொல்லிச் சார் எவ்வளவோ கேட்டார். நான் விடவில்லை.

டிசம்பரோடு எனக்கு இங்கே வேலை இல்லை. உன்னிடம் இரக்கம் கேட்பதற்காகச் சொல்லவில்லை. நைனாவிடம் எல்லாம் சொன்னேன். உன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். “நான் எதுக்குப் போவணும் அந்தத் தெருவுக்கு?” என்று வைத்துவிட்டார். போனாரா என்று தெரியாது.

சென்னையில் வேறொரு இடத்தில் தேவயானி என்று ஒரு பேராசிரியை இதே துறையில் இருக்கிறார். அறிவிப்பைப் படித்துவிட்டு அவரே எனக்கு எழுதினார். நீ வருவதானால் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவர் முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். போ, ஜெனி. இந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான கை யாருக்கும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வரலாமா? உன் அம்மாவின் காலில் விழ வேண்டும்.

உன்
பரி

*

உத்திரமேரூர்
1 டிசம்பர் 2024

பரிமளாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. ஜூன் மாதத்துக் கடிதத்துக்குப் பதில் எழுதாதது மறந்துபோய் அல்ல. அனுப்பு என்று நான் சொல்லி நீ அனுப்பினால் அது நான் செய்ததாகிவிடும். பொறு என்று சொன்னால் அதுவும் நான் செய்ததாகிவிடும். எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று இருந்தது.

அறிவிப்பைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். என் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. நீ செய்தது சரியான காரியம். அதனால் நீ என்னென்ன இழக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சின்னதாக நினைக்கவில்லை.

உன் நைனா வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலிலிருந்து திரும்பி வந்த நேரம். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, இறங்காமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

“முனிம்மா, உம் பொண்ணு தப்பு ஒன்னியும் பண்லியாம். எம் பொண்ணு சொல்லச் சொல்லிச்சி.”

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுதுங்கய்யா? கேட்டவரு போய்ட்டாரு” என்றாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா உள்ளே வந்தாள். அறிவிப்பை நான் அதுவரைக்கும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தமிழில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நீ சொன்னது நெஜந்தானா?” என்றாள். ஆமாம் என்றேன். “அன்னைக்கே சொன்னியே, ஒன்னியும் கெட்க்கலன்னு. அவரும் நம்பல. நானும் நம்பல. பெத்தவங்க நாங்க நம்பலியே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டேன். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. இத்தனை நாளும் அவர் நிம்மதியாகப் போனார் என்று ஒரு ஆறுதல் அவளுக்கு இருந்தது. மகள் செய்த தப்பைப் பொறுத்துக்கொண்ட நல்ல மனுஷன் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை. அடுப்பங்கரையில் இருக்கும்போதும், நாற்று பிடுங்கும்போதும், “நம்பலியே, நம்பலியே” என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உண்மை வெளியே வந்தால் எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

அதனால் நீ இங்கே வர வேண்டாம். அம்மாவின் காலில் நீ விழுந்தால், “எழுந்திரு பாப்பா” என்றுதான் அவள் சொல்வாள். அவளுக்கு வேறு சொல்லத் தெரியாது. அப்படிச் சொல்லவைக்க எனக்கு விருப்பமில்லை. நான் உன்னைச் சபிக்கவில்லை. பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் உன் மேல் இப்போதும் பிரியம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நீதான். இரண்டு பேரையும் ஒன்றாக வீட்டுக்குள் விட என்னால் முடியாது.

அந்தப் பேராசிரியையின் முகவரி கிடைத்தது. அவர்களுக்கு எழுதுவேனா, போவேனா என்பதை நானும் அம்மாவும் பேசி முடிவு செய்வோம். எந்த முடிவாக இருந்தாலும் அந்தச் சேதி உனக்கு வராது. நீயும் விசாரிக்காதே. இதற்குப் பதில் போட வேண்டாம். போட்டால் பிரிக்க மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் வேலை கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகலாம். மனதை விட்டுவிடாதே.

ஏ. ஜெனிஃபர்